கோயில் தூணில் தொங்கிய வில்லை

பவானேஸ்வரி அக்கா ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது அவருடைய வேன். அடுத்தது அவருடைய குரல். ஆள் கண்ணில் படுவது அதற்கப்புறம்தான். அந்த ஆபீஸ் வேனின் பின்கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே கிடக்கிற வாளியும் மண்வெட்டியும் கண்ணாடி ஜாடியும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் தனித்தனியாகச் சத்தம் போடும். டுரியான் துங்கால் சாலையிலிருந்து புக்கிட் லாடா தோட்டத்துக்குத் திரும்பும்போதே லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் சொல்லிவிடுவார்கள்: "புல்லு அக்கா வருது. டீக்குத் தண்ணி வையி."

புல்லு அக்கா என்பது அந்தத் தோட்டத்துப் பெயர். அணைக்கட்டுப் பக்கம் மழைத்தண்ணி அக்கா. அலோர் காஜாவில் இருந்த அரசாங்க ஆபீஸில் ஆய்வுக்கூட உதவியாளர். ரப்பர் வெட்டிய குடும்பத்தில் பிறந்து, ஐந்தாம் படிவம் முடித்து, பத்து பெரெண்டாம் மின்னணுத் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வழியாகக் கம்பி பார்த்து, அங்கிருந்து இந்த வேலைக்கு வந்தவர். சின்னக் குற்றத்தைக்கூடக் கண்டுபிடிக்கிற கண் அங்கே பழகியது என்பார். அவர் கணவர் மருதமுத்து அண்ணன் இதைக் கேட்டால், "கல்யாணத்துக்கு முன்னாடி யாரும் என்கிட்ட சொல்லலையே" என்பார்.

வேலை என்னவென்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. புல் அறுப்பார். மழைத்தண்ணீர் பிடிப்பார். கறந்த பாலில் ஒரு போத்தல் வாங்குவார். மரவள்ளி இலை, வாய்க்கால் மண், அணைக்கட்டு மீன் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, பையில் கட்டி, சீட்டு ஒட்டி, கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருந்த பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். அவற்றில் கதிரியக்கம் எவ்வளவு இருக்கிறது என்று அங்கே அளப்பார்கள்.

டுரியான் துங்காலில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த வீரப்பன் அண்ணனுக்கு இது ஆறவே ஆறாத சந்தேகம்.

"நம்ம ஊர்ல அணு உலை எங்க இருக்கு?"

"இல்ல அண்ணே. எங்கயோ தூரத்துல ஒண்ணு வெடிச்சா காத்துல வந்து சேரும். அதுக்குத்தான் பார்க்குறோம்."

"வெடிச்சப்புறம் பார்த்தா போதாதாலா?"

"சாதாரண நாள்ல எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே அன்னிக்கு ஏறியிருக்கான்னு தெரியும்? உங்க வீட்டு அண்ணிக்குச் சும்மா இருக்கும்போது உடம்பு எவ்வளவு சூடுன்னு தெரியாம, காய்ச்சல்னு எப்படிச் சொல்வீங்க?"

"அவ எப்பவுமே சூடுதான்."

"பாத்தீங்களா, அளந்து வச்சிருக்கீங்க!"

இவ்வளவு வாய் பேசுகிறவரிடம் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வார்த்தை வாங்க முடியாது. அளக்காத எதைப் பற்றியும் சொல்ல மாட்டார். மழை வருமா என்று கேட்டால், "வந்ததுக்கப்புறம் ஜாடியப் பார்த்துச் சொல்றேன்." குழம்பில் உப்புப் போதுமா என்று கேட்டால் கரண்டியைக் கேட்பார். ஒருமுறை வீட்டு ஐஸ் பெட்டியில் வைத்திருந்த சாம்பிள் கங்கோங் கீரையை மருதமுத்து அண்ணன் நெத்திலி போட்டுப் பிரட்டிவிட்டார். அக்கா அதை நன்றாகச் சாப்பிட்டார். மறுநாள் காலையிலேயே போய் அதே வாய்க்கால் கரையில் அதே இடத்தில் மறுபடியும் பறித்து வந்தார். "பசார்ல வாங்கிக் கட்டி அனுப்பிடேன், எவனுக்குத் தெரியப் போவுது" என்று கேட்ட அண்ணனுக்கு அன்று இரவு கிடைத்த பதிலை இங்கே எழுத முடியாது.

அந்த வேலையில் புல்லும் பாலும் போக, வில்லை என்று ஒன்று இருந்தது. சட்டைப் பொத்தான் அளவு. உள்ளே ஒரு படிகச் சில்லு. மேலே தடித்த பிளாஸ்டிக் உறை. அதை ஓர் இடத்தில் மூன்று மாதம் தொங்கவிட்டால், அந்த மூன்று மாதமும் அங்கே எவ்வளவு கதிர் பட்டதோ அத்தனையையும் அது சேர்த்து வைத்துக்கொள்ளும். பிறகு கழற்றிக்கொண்டுபோய்ச் சூடாக்கினால் கணக்கைச் சொல்லிவிடும். யார் வந்தாலும் பேசாது, எதையும் மறக்காது. "எங்க நாத்தனார் மாதிரி" என்பார் அக்கா.

மலாக்காவில் அதைப் பத்திரமாகத் தொங்கவிடத்தான் இடமில்லை. பள்ளிக்கூடத் திடலில் கட்டியதைப் பையன்கள் கோலி ஆக்கிவிட்டார்கள். அணைக்கட்டு ஓரம் கட்டியதைக் குரங்கு கடித்துப் பார்த்துத் துப்பியது. புக்கிட் லாடாவில் எங்கே கட்டுவது என்று யோசித்தபோது, ஒருத்தரும் கை வைக்காத இடம் ஒன்றுதான் அக்காவுக்குத் தோன்றியது. மாரியம்மன் கோயில்.

கோயில் தலைவர் சாமிக்கண்ணு மாமா, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிற தண்டலாக இருந்து ஓய்வு பெற்றவர். குட்மார்னிங் சொல்வதைக்கூட ஆர்டர் போடுகிற மாதிரி சொல்வார். அரசாங்கம் என்றால் நெஞ்சு தானாக நிமிரும்.

"கவர்மெண்ட்டு சாமானா? நம்ம கோயிலுக்கா?" வில்லையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "தூண்ல கட்டும்மா. ஒரு பய தொடமாட்டான். தொட்டா அம்மா பார்த்துக்குவா. அம்மா அசந்தா நான் இருக்கேன்."

கோயிலுக்கு முன்னால் வெள்ளையடித்த சிமெண்டுத் தூணில், நெஞ்சு உயரத்தில், வில்லை தொங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அக்கா வந்து பழையதைக் கழற்றிப் புதியதைக் கட்டுவார். இரண்டு வருடம் ஒரு தொந்தரவும் இல்லை.

தொண்ணூற்றைந்தில் திருவிழா முடிந்து சில வாரம் கழித்து வந்தபோது, வில்லை புது மஞ்சள் கயிற்றில் தொங்கியது. உறைமேல் குங்குமப் பொட்டு வேறு. அக்காவுக்கு ஒரே பூரிப்பு. "நம்ம ஜனம் எப்படிப் பார்த்துக்குது பாருங்க" என்று ஆபீஸில் எல்லோரிடமும் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார்.

பதில் வந்த அன்று, கிளைத் தலைவர் ரம்லி சார் அறையிலிருந்து குரல் கொடுத்தார். "பவானி, மாரி சினி கெஜாப்."

கொஞ்சம் இங்கே வா என்று அர்த்தம். அந்த ஆபீஸில் ரம்லி சார் 'கெஜாப்' என்று சொன்னால் மத்தியானச் சாப்பாடு போச்சு என்றும் அர்த்தம். அவர் மஸ்ஜித் தானா பக்கத்துக் கம்போங் கிராமத்தில் தமிழ்ப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவர். அவருடைய தமிழ் திடீர் திடீரென்று வேலி தாண்டும்.

"எல்லா வில்லையும் ஒரே மாதிரி பேசுது. உன் கோயில் வில்லை மட்டும் மூணு மடங்கு. அப்பா சால்?" என்ன காரணம் என்று கேட்டார்.

"தெரியல சார்."

"எனக்கும் தெரியல. ஒரு வில்லைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மண்ணு, புல்லு, தண்ணி, பாலு, எல்லாம் எடுப்போம். நானே வர்றேன்."

வந்தார்கள். ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு பேர் கூடவே வந்தார்கள். முறைப்படி கையுறை போட்டிருந்தார்கள். வந்த வேலையைச் செய்துவிட்டு ஒரு மணி நேரத்தில் போய்விட்டார்கள். அதற்குள் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்த வீரப்பன் அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். கடைக்குத் திரும்பியவர் டீ ஆற்றிக்கொண்டே ஒலிபரப்பு ஆரம்பித்தார்.

"கண்ணால பார்த்தேன்லா! கையுறை! மாட்டுச் சாணிய கையுறை போட்டு அள்ளிப் பைல கட்டுறானுங்க. நம்ம கை படாத சாணியா? சாணிக்கே கையுறைன்னா பாலுக்கு என்னாத்தப் போடணும்?"

சாயங்காலத்துக்குள் அது நாங்கள் இருந்த பாயா ரும்புட் வரை வந்துவிட்டது. வரும் வழியில் கொம்பும் வாலும் முளைத்திருந்தன. மாடு இருட்டில் மின்னுகிறதாம். பால் காய்ச்சினால் பச்சையாகப் பொங்குகிறதாம்.

அந்தப் பால் மீனம்மாவுடையது. தோட்டத்தில் ரப்பரை அழித்து எண்ணெய்ச் செம்பனை நட்டபோது, பழக்குலை தூக்க முடியாது என்று வேலையை விட்டு, மாடு வாங்கியவர். கைலிக்கு மேலே கணவருடைய பழைய சட்டை, தலையில் ஹெல்மெட், மோட்டாரின் இரண்டு பக்கமும் பால் கேன். டுரியான் துங்கால் கடைகளிலும் பாயா ரும்புட் தாமான் குடியிருப்புகளிலும் அவர் ஹாரன்தான் பலருக்குக் கடிகாரம். கணவர் முதுகு ஒடிந்து வீட்டில் படுத்திருந்தார். அந்த வீட்டில் சோறு என்றால் அது மாடு போட்ட சோறு. அக்கா சாம்பிளுக்குப் பால் எடுப்பதும் எப்போதும் ஒரே மாட்டிடம். அதன் பெயர் கிராணியம்மா. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மாதிரி, ஒரு வேலையும் செய்யாமல் எல்லோரையும் ஏற இறங்கப் பார்ப்பதால் அந்தப் பெயர்.

வாடிக்கை ஒவ்வொன்றாக நின்றது. வீரப்பன் கடையில் மாட்டுப்பால் டீ போய், டின் பால் டீ வந்தது. மீனம்மா மிஞ்சிய பாலைத் தயிராக்கினார், மோராக்கினார், நெய்யாக்கினார். லயத்து நாய்கள்கூட ஏப்பம் விட்டன. ஆனால் மோர் கொடுத்துத் தீவனம் வாங்க முடியாது. கடைசியில் ஜாசின் மாட்டு வியாபாரி நாகமுத்துவுக்குச் சொல்லி அனுப்பினார். வெள்ளிக்கிழமை லாரியோடு வருவதாகப் பதில் வந்தது. மொத்த மாடும்.

அதைக் கேட்டுவிட்டு அக்கா ஓடினார். மீனம்மா தொழுவத்தில் இருந்தார்.

"நல்ல நேரத்துல வந்தடி. இந்தா, லயமே நிக்குது. வீரப்பனும் நிக்கிறான். ஒரு வார்த்தை சொல்லு. பால் நல்ல பால்னு."

"இன்னும் பதில் வரலக்கா."

"பதிலு என்னா பதிலு? எத்தனை வருஷமா என் பாலைத் தூக்கிட்டுப் போற? உனக்குத் தெரியாதா?"

"அதெல்லாம் அந்தப் பால். இது இந்தப் பால்."

வீரப்பன் அண்ணன் நடுவில் புகுந்தார். "சும்மா எதுக்குப் பேச்சு? எல்லார் முன்னாடியும் ஒரு கிளாஸ் குடிச்சுக் காட்டட்டும். நான் இப்பவே பால் வாங்குறேன்."

யாரோ கிளாஸை நீட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் குடித்திருப்பார்கள். குடித்தால் ஒரு குடும்பம் பிழைக்கும். பதிலும் பெரும்பாலும் நல்லதாகத்தான் வரும் என்று அக்காவுக்கே தோன்றியது. ஆனாலும் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் குடிச்சா என் தாகம் தீரும் அண்ணே. பாலுக்குள்ள என்னா இருக்குன்னு என் தொண்டைக்குத் தெரியுமா? இன்னிக்கு நான் குடிச்சுக் காட்டி நீங்க நம்பிட்டீங்கன்னா, நாளைக்கு நெசமாவே ஒண்ணு வந்து 'குடிக்காதீங்க'ன்னு நான் சொன்னா, அப்ப எவன் நம்புவான்?"

"பாத்தீங்களா, குடிக்க மாட்டேங்குது!" என்றார் வீரப்பன் அண்ணன். அவ்வளவுதான், மிச்சமிருந்த இரண்டு வாடிக்கையும் போனது.

மீனம்மா கிளாஸிலிருந்த பாலைக் கன்றுக்குட்டியின் வாளியில் ஊற்றிவிட்டு, "நீ வேன எடுத்துக்கிட்டுக் கிளம்பு, பவானி" என்றார். அன்று புக்கிட் லாடாவில் யாரும் அக்காவுக்கு டீ கொடுக்கவில்லை.

அக்கா கிளம்பினார். வேன் கோயில் வரைக்கும்தான் போனது. நிறுத்திவிட்டுத் தூணுக்கு எதிரே போய்க் குந்திக்கொண்டார். அழுதார் என்று சிலர் சொல்வார்கள். மூக்கு மட்டும் சிந்தினேன் என்பது அவருடைய வாக்குமூலம். மூக்கைத் துடைத்துவிட்டுத் தலையைத் தூக்கியபோது தூண் கண்ணில் பட்டது.

திருவிழாக் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. முறைக்காரர் மேலெல்லாம் மஞ்சள் தண்ணியை வாளி வாளியாக ஊற்றி விளையாடுவார்கள். அந்தத் தண்ணீர் தூணிலும் அடித்திருந்தது. சுண்ணாம்பில் பட்ட மஞ்சள் சிவந்து, இடுப்பு உயரத்திலிருந்து தலைக்கு மேல்வரை திட்டுத் திட்டாகக் காய்ந்து கிடந்தது. அக்கா எழுந்து பக்கத்தில் போனார். இப்போது தொங்குகிற புது வில்லையை ஓரமாகத் தள்ளினார். அதற்குப் பின்னாலும் அதே சிவப்பு. ஒரு நகம் அளவுகூட வெள்ளை விடுபடவில்லை.

பழைய வில்லை அன்று அங்கே தொங்கியிருந்தால், அதன் பின்னால் இருந்த தூணில் மஞ்சள் பட்டிருக்காது, வில்லைமேல் பட்டிருக்கும். ஆனால் தூண் முழுக்க நனைந்திருக்கிறது. கழற்றிப்போன வில்லையோ குங்குமப் பொட்டோடு, துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருந்தது.

"மாமா!" என்று அக்கா போட்ட சத்தத்தில் சாமிக்கண்ணு மாமா கோயில் மடப்பள்ளியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

"மஞ்சத் தண்ணி அன்னிக்கு வில்லை இங்க இருந்துச்சா?"

"எங்க?"

"இந்தத் தூண்ல!"

"அது எப்படிம்மா இருக்கும்?" மாமாவுக்கே கோபம் வந்துவிட்டது. "கவர்மெண்ட்டு சாமானு! மஞ்சத் தண்ணி படலாமா? தீ மிதிக்கிற அனல் படலாமா? கொடி ஏத்தின அன்னிக்கே கழட்டிப் பத்திரமா உள்ள வச்சுட்டேன். எல்லாம் முடிஞ்சு, அலுப்புல கொஞ்ச நாள் மறந்துட்டேன், அப்புறம் பொட்டு வச்சு, புதுக் கயிறு போட்டுக் கட்டினேன். நீ பார்க்கலியா?"

"பார்த்தேன் மாமா. ஏன் சொல்லல?"

"ஒரு கடமையச் செஞ்சிட்டு அதைச் சொல்லிக் காட்டுவாங்களா?"

"உள்ளேன்னா எங்க?"

மாமா இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். கோயில் சாமான் அறை. அதற்குள் ஒரு தகரப் பெட்டி. அதற்கும் ஒரு பூட்டு. கோயிலிலேயே பத்திரமான இடம் அதுதான், அம்மன் தாலிகூட அதில்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டே திறந்தார். தாலி ஓர் ஓரத்தில் இருந்தது. மீதி இடம் முழுக்கச் சின்னச் சின்ன காகிதப் பொட்டலங்கள், அடுக்கு அடுக்காக.

"இதென்னா மாமா?"

"கேஸ் லைட்டு வலை. உள்ள கட்டி எரிய விடுவோம்ல, வெள்ளையா, பை மாதிரி? அலோர் காஜாவுல ஒரு கடைய மூடுறான்னு மொத்தமா அள்ளிட்டு வந்தேன். ஊர்வலத்துக்கு நமக்குக் கேஸ் லைட்டுதான். பசங்க டியூப் லைட்டு கட்டலாம்ங்கிறானுங்க. டியூப் லைட்டுல அம்மன் மூஞ்சி காய்ச்சக்காரி மாதிரி தெரியுது."

அக்காவுக்கு அந்த வலையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்கவும் இல்லை. பெட்டியைத் தொடாமல் மூடச் சொல்லிவிட்டு, தோட்டத்து ஆபீஸுக்குப் போய் ரம்லி சாருக்குப் போன் போட்டார். கேஸ் லைட்டு என்ற வார்த்தை வாயிலிருந்து முழுசாக விழுவதற்குள் அந்தப் பக்கம் ரம்லி சார் மேசையைத் தட்டிய சத்தம் கேட்டது.

"மேண்டல்! பவானி, அதுல தோரியம் போடுவாங்க. பளிச்சுனு எரியறதுக்கு. தோரியமே கதிர் விடும். அதுக்குள்ளயா வச்சாரு? நான் வர்றேன், மீட்டரோட."

அன்று சாயங்காலமே வந்தார். லயத்து ஜனம் சுற்றி நின்றது. ரம்லி சார் மீட்டரைத் தூண் பக்கம் நீட்டினார். டிக்... டிக். புல்மேல் காட்டினார். டிக்... டிக். கிராணியம்மாவின் வயிற்றுப் பக்கம் காட்டினார். அது மீட்டரை ஏற இறங்கப் பார்த்தது. டிக்... டிக். தகரப் பெட்டியைத் திறந்து பொட்டலங்களுக்கு மேலே வைத்தார். இரும்புச் சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று அடித்தது. கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. மீட்டரை நாலு அடி தள்ளிக் கொண்டுபோனார், மறுபடியும் டிக்... டிக்.

சாமிக்கண்ணு மாமாவின் நிமிர்ந்த நெஞ்சு முதல்முறையாக இறங்கியது. "அப்ப இத்தனை வருஷம் அம்மனுக்கு நான் விஷத்தையா வெளிச்சம் காட்டினேன்?"

"விஷம் இல்ல மாமா," என்றார் அக்கா. "வில்லை அதுங்க மேலயே ஒட்டிக் கிடந்துச்சு, அதான் கூடிப் போச்சு. நாலு அடி தள்ளி நின்னா மீட்டருக்கே வித்தியாசம் தெரியல, பாருங்க. எரிஞ்சு உடையற வலைய ஊதாதீங்க, தொட்டா கை கழுவுங்கன்னு சார் சொன்னாரு. அவ்வளவுதான்." பிறகு ரம்லி சாரிடம் திரும்பினார். "தப்பு என்மேலதான் சார். மஞ்சக் கயிறப் பார்த்தப்பவே கேட்டிருக்கணும். சந்தோஷப்பட்டுட்டு வந்துட்டேன்."

"நானும்தான் பொட்டப் பார்த்தேன். நானும் கேக்கல," என்றார் ரம்லி சார்.

மீனம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "அப்ப என் பால்ல ஒண்ணும் இல்ல. அதானே? இப்பவாவது சொல்லு!"

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். ரம்லி சாரும் பார்த்தார்.

"வில்லை ஏன் கூடுச்சுன்னு தெரிஞ்சுபோச்சுக்கா. பாலு இன்னும் அளக்கல. மாட்டுக்குப் பக்கத்துல மீட்டரக் காட்டினா பாலு தெரியாது."

"அடிப்பாவி!" என்றார் மீனம்மா. "உன்னயெல்லாம் எந்த நேரத்துலடி பெத்தாங்க?"

மறுநாள் வியாழன். ஆய்வுக்கூடத்தில் பால் போத்தல் வரிசையில் நின்றது. அடுத்த வாரம்தான் முறை வரும் என்று போனில் சொன்னார்கள். அக்கா வேனை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போய் இறங்கினார். அங்கே இருந்த சேகரன், "அக்கா, எல்லாரும் அவசரம்தான் சொல்றாங்க. கியூ இருக்குலா" என்றார். அக்கா சண்டை போடவில்லை. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மீனம்மாவைப் பற்றியும், முதுகு ஒடிந்த கணவரைப் பற்றியும், வெள்ளிக்கிழமை லாரியைப் பற்றியும், கிராணியம்மாவின் குணத்தைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தார். அந்தக் குரலில். மத்தியானம்வரை. சேகரன் எழுந்துபோய், வரிசையில் முன்னால் இருந்த கடல்மண் சாம்பிள்காரரிடம் கெஞ்சி இடம் மாற்றி வாங்கினார். ஈயச் சுவர் வைத்த பெட்டிக்குள் பால் போனது. இயந்திரம் ராத்திரி முழுக்க எண்ணியது. அக்கா பக்கத்துக் காஜாங்கில் சின்னம்மா வீட்டில் படுத்து, இயந்திரத்துக்கும் சேர்த்துக் குறட்டை விட்டார்.

வெள்ளிக்கிழமை வேன் புக்கிட் லாடாவுக்குள் வரும்போது நாகமுத்துவின் லாரி தொழுவத்துக்கு முன்னால் நின்றது. இரண்டு மாடு ஏறியாகிவிட்டது. கிராணியம்மா மட்டும் பலகையில் முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டு, நாகமுத்துவைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"தள்ளுங்கடா," என்றார் நாகமுத்து.

"தள்ளாதீங்க!" வேன் நிற்பதற்கு முன்பே அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "அக்கா, பதில் வந்துருச்சு! போன வருஷம் எவ்வளவோ இந்த வருஷமும் அவ்வளவுதான்!"

மீனம்மா கிராணியம்மாவின் கழுத்துக் கயிற்றை விடவில்லை. "ஒண்ணுமே இல்லைன்னு சொல்லுடி. அதென்ன அவ்வளவுதான்?"

"ஒண்ணுமே இல்லாத பால் உலகத்துலயே கிடையாதுக்கா. இயற்கையாவே துளி இருக்கும். வாழைப்பழத்துல இருக்கு, உருளைக்கிழங்குல இருக்கு, உங்க ஒடம்புல இருக்கு. வெளியிலேருந்து வந்தது எதுவும் இல்ல. பால் நல்ல பால். அளந்து பார்த்துட்டுச் சொல்றேன்."

'பால் நல்ல பால்' என்ற அந்த மூன்று வார்த்தைக்காகத்தான் மீனம்மா இத்தனை நாள் காத்திருந்தார். கயிற்றைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார். நாகமுத்துவைப் பார்த்துச் சொன்னார்: "எறக்குங்க அண்ணே."

"லாரி எண்ணெய்?" என்றார் நாகமுத்து.

"மோர் தர்றேன், குடிச்சிட்டுப் போங்க."

ஏறிய இரண்டும் இறங்கின. ஆனால் மீனம்மாவின் முகம் மறுபடியும் சுருங்கியது. "நான் நம்பிட்டேன். பாயா ரும்புட்காரவங்க நம்பணுமே?"

"அதுக்குத்தான் நான் வர்றேன். கேனைக் கட்டுங்க."

சனிக்கிழமை காலை மீனம்மாவின் மோட்டார் முன்னால் போக, அக்காவின் வேன் பின்னால் சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. ஒவ்வொரு கேட்டிலும் நின்றார்கள். எங்கள் வீட்டுக் கேட்டிலும்தான். ஒரே கேள்வியை ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு ராகத்தில் கேட்டது. மூலை வீட்டு ஆசிரியை: "புள்ளி விவரம் இருக்கா, மிஸ்?" எதிர்வீட்டு மணியம் அண்ணன்: "மாடு மின்னுதாமே, கரண்ட் பில்லு மிச்சமாகுமா?" எங்கள் அம்மா: "துளி இருக்குன்னா எவ்வளவு துளி?" அக்கா ஒருவரிடமும் துளியை மறைக்கவில்லை. வாழைப்பழத்தையும் விடவில்லை. மூன்றாவது வீட்டிலேயே மீனம்மா பல்லைக் கடித்தார்.

"ஒண்ணுமில்லேன்னு சொல்லித் தொலையேன்டி! 'துளி'ன்னதும் அவ மூஞ்சி போன போக்கப் பாத்தியா?"

"இப்ப மூஞ்சி போனா நான் நின்னு பதில் சொல்லுவேன். நாளைக்கு வேற யாராச்சும் சொல்லித் தெரிஞ்சா உங்க பாலுக்குப் பதில் சொல்ல யாரு இருக்கா?"

மீனம்மா ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு அடுத்த வீட்டில் ஹாரன் அடித்தார். அன்று பாதி வீடு வாங்கியது. மறுபாதி வீடுகள் பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த வாரத்தில் வாங்கின. லீவு நாளில் வீடு வீடாக நிற்கச் சொல்லி அக்காவை எந்த ஆபீஸும் அனுப்பவில்லை. பால் வாங்குங்கள் என்று அக்கா ஒரு வீட்டிலும் சொல்லவும் இல்லை. அளந்ததைச் சொன்னார், கேட்டதற்குப் பதில் சொன்னார், வேனை எடுத்தார்.

கடைசியாக வந்தவர் வீரப்பன் அண்ணன். டின் பால் டீயை அவர் வாடிக்கைக்காரர்களே குடிக்கவில்லையாம். மோட்டாரில் கேனை மாட்டிக்கொண்டு தொழுவத்துக்கே வந்து, "நான் அன்னிக்கே நம்பினேன்லா, சும்மா கேட்டேன்" என்றார். மீனம்மா அவரைச் சாணி அள்ளுகிற கூடைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார். "கையுறை வேணுமா, அண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் பால் ஊற்றினார்.

அடுத்த மாதம் சாம்பிள் எடுக்கிற நாள் வந்தது. அலோர் காஜாவில் ஒரு கூட்டம் முடிந்து அக்கா வந்து சேர வெயில் ஏறிவிட்டது. போத்தலும் சீட்டுமாகத் தொழுவத்தில் நின்றார். கேன்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"கிராணியம்மா பாலு எங்கக்கா?"

"தீந்துபோச்சு."

"ஒரு போத்தல்கூடவா இல்ல? அது கவர்மெண்ட்டுப் பாலுக்கா!"

"கவர்மெண்ட்டு வெள்ளனே எந்திரிச்சு வந்து வரிசையில நிக்கணும்," என்றார் மீனம்மா. "இப்ப உக்காரு. டீ இருக்கு. டின் பால்தான்."